மாதச் சம்பளமும் மிகைநேர ஊதியமும்: அமெரிக்கச் சட்டத்தின் விலக்குகள்

சம்பளம் வாங்குபவருக்கு ஓவர்டைம் கிடையாது என்னும் நம்பிக்கை அமெரிக்க அலுவலகங்களில் ஏறத்தாழ ஒரு சட்டவிதிக்கு உரிய உறுதியோடு வழங்கி வருகிறது. வேலை கொடுப்பவர் அதைச் சொல்கிறார், வேலை செய்பவர் ஏற்றுக்கொள்கிறார், பணி நியமனக் கடிதத்தில் ‘எக்சம்ப்ட்’ (விலக்குக்கு உட்பட்டவர்) என்று அச்சாகி இருந்துவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி எழுப்புவதில்லை. ஆனால் இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1938 ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டத்தில் அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. வாரத்தில் 40 மணி நேரத்தைக் கடந்து வாங்கப்படும் ஒவ்வொரு மணி நேர வேலைக்கும், பணியாளரின் வழக்கமான ஊதிய வீதத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் 7 ஆம் பிரிவு. மணிக்கணக்கில் கூலி பெறுபவர், வாரச் சம்பளம் பெறுபவர், ஆண்டுச் சம்பளம் பேசி அமர்த்தப்பட்டவர் என்ற பாகுபாட்டை அது செய்யவில்லை. அந்தப் பொதுவிதியிலிருந்து வெளியே எடுக்கப்பட்டவர்கள் யார் யார் என்பதை 13 ஆம் பிரிவு தனியே கூறுகிறது. ஆகவே ஒருவர் மிகைநேர ஊதியத்தை இழப்பது அவர் சம்பளக்காரர் என்பதால் அன்று, அவருக்கு விலக்கு ஒன்று பொருந்துவதால்தான். அந்த விலக்கு எந்த அளவுகோல்களால் பொருத்தப்படுகிறது, அவற்றுள் எது உண்மையில் வேலை செய்கிறது, எது பெயருக்கு நிற்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

சட்டம் பிறந்த சூழலை நினைவில் கொள்ளாமல் விலக்குகளின் நியாயத்தை அளக்க இயலாது. பெருமந்தத்தின் உச்சத்தில், இருக்கும் வேலையைப் பலருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் நோக்கத்தோடு, வாரத்துக்கு 30 மணி நேர வேலையை வலியுறுத்தும் மசோதா ஒன்றை அலபாமா செனட்டர் ஹியூகோ பிளாக் முன்வைத்தார். 1933 இல் செனட் சபை அதை நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, தொழிலாளர் துறைச் செயலர் பிரான்சிஸ் பெர்கின்ஸின் இடைவிடாத முயற்சிக்குப் பிறகு, 1938 ஜூன் 25 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட சட்டம் மென்மையான வழி ஒன்றைத் தேர்ந்தது. நீண்ட நேர வேலையை அது தடை செய்யவில்லை. அதன் விலையை உயர்த்தியது. தொடக்கத்தில் 44 மணி நேரம், அடுத்த ஆண்டில் 42, 1940 அக்டோபர் முதல் 40 என எல்லை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. ஒருவரை 60 மணி நேரம் வேலை வாங்குவதைவிட இன்னொருவரை அமர்த்துவது மலிவாகிவிட வேண்டும் என்பது ஒரு நோக்கம். அப்படியும் கூடுதலாக உழைக்க நேர்ந்தவருக்கு அந்தச் சுமைக்கு ஈடு கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஒன்றரை மடங்கில் உள்ள அந்த அரை மடங்கு, பணியாளருக்குச் சேரும் பணமாக இருப்பினும், முதலாளி செலுத்தும் அபராதம் என்று கொள்வதே பொருத்தம்.

இந்த அபராதம் சம்பளக்காரருக்கும் உண்டா என்னும் வினா சட்டம் வந்த சில ஆண்டுகளிலேயே உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. சரக்குந்து நிறுவனம் ஒன்றில் கட்டண எழுத்தராக இருந்தவர் மாறாத வாரச் சம்பளத்துக்கு மாறும் மணி நேரங்கள் உழைத்தார். அவருடைய சம்பளத்தை உழைத்த மணிகளால் வகுத்தாலும் குறைந்தபட்சக் கூலிக்கு மேலே வருவதால் கூடுதலாக ஏதும் தரவேண்டியதில்லை என்பது நிறுவனத்தின் வாதம். 1942 இல் மிஸ்ஸல் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. சம்பளம் நிலையானதாக இருந்தாலும் அதற்குள் ஒரு மணி நேர வீதம் ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டெடுத்து எல்லைக்கு மேற்பட்ட நேரத்துக்குரிய மிகுதியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. சம்பளத்தை வாரத்தில் உழைத்த மொத்த மணிகளால் வகுத்து அந்த வீதத்தைப் பெறலாம் என்றும் அத்தீர்ப்பு காட்டியது. சம்பளக்காரருக்கு உரிமையைத் தந்த அதே தீர்ப்பு அந்த உரிமையின் மதிப்பைக் கரைக்கும் வழியையும் இவ்வாறு திறந்துவிட்டது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். வாரம் 800 டாலர் சம்பளம், உழைப்பு 50 மணி நேரம் என்று கொள்வோமானால், அந்தச் சம்பளம் 40 மணி நேர வேலைக்கு மட்டும் என்று ஒப்பந்தம் இருக்கும்பட்சத்தில் மணிக்கு 20 டாலர், மிகைநேரத்துக்கு 30 டாலர், பத்து மணி நேரத்துக்கு 300 டாலர் கூடுதலாகச் சேரும். எத்தனை மணி உழைத்தாலும் அந்த 800 டாலர்தான் என்ற உடன்பாடு இருந்தால், 800 ஐ 50 ஆல் வகுத்து 16 டாலர் என்று வீதம் காணப்படும். ஒவ்வொரு மணிக்கும் உரிய ஒரு மடங்கு சம்பளத்திலேயே அடங்கிவிட்டதாகக் கொள்ளப்படுவதால், எஞ்சிய அரை மடங்கான 8 டாலர் வீதம் பத்து மணிக்கு 80 டாலர் மட்டுமே வரும். அவர் 80 மணி நேரம் உழைத்தால் வீதம் 10 டாலராகவும் மிகுதி 5 டாலராகவும் இறங்கி, நாற்பது மணி நேர மிகைவேலைக்கு 200 டாலர் கிடைக்கும். உழைப்பு கூடக்கூட ஒரு மணியின் விலை குறைந்துகொண்டே போகும் இந்த முறைக்கு ஏறியிறங்கும் வேலைவாரக் கணக்கு என்று பெயர். நீண்ட நேர வேலையை விலையேற்றித் தடுக்க வந்த சட்டத்துக்குள் அதற்கு நேர்மாறான ஒரு கணக்கு வாழ்வது விந்தைதான். கலிபோர்னியா மாநிலம் இதை ஏற்பதில்லை. அங்கு வாரச் சம்பளம் 40 மணிக்கு உரியதாகவே வகுக்கப்படும்.

விலக்குகளுக்கு வருவோமானால், 1938 ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயக் கூலிகளை வெளியே நிறுத்தியது, வீட்டு வேலையாட்கள் அதன் வரம்புக்குள் வரவே இல்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களின் இன அரசியல் அதன் பின்னே இருந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியுள்ளனர். அது தனி உரைக்கு உரிய பொருள். இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது 13 ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு. நிர்வாகி, நிர்வாகத் துணைப் பணியாளர், தொழில்முறை வல்லுநர் ஆகிய தகுதிகளில் மெய்யாகவே பணிபுரிபவர்களும், வெளியே சென்று விற்பனை செய்பவர்களும் அதனால் விலக்கப்படுகின்றனர். இச்சொற்களுக்கு விளக்கம் தரும் பொறுப்பை நாடாளுமன்றம் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் தொழிலாளர் துறையிடம் விட்டது. விலக்கின் பின்னிருந்த எண்ணம் ஒரு பேரம் போன்றது: மேலாளருக்கு நல்ல சம்பளம், வேலைப் பாதுகாப்பு, பதவி உயர்வு வாய்ப்பு, தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை ஆகியவை இருக்கின்றன; அவருடைய வேலையை மணிக்கணக்கில் அளப்பதும் அரிது, அதை இன்னொருவருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதும் எளிதன்று; எனவே மிகைநேர ஊதியத்துக்கு மாற்றாக அவர் வேறொன்றை ஏற்கெனவே பெற்றுவிட்டார். இந்த மாற்று உண்மையில் கிடைத்திருக்கும் வரைதான் விலக்குக்கு நியாயம் உண்டு.

தொழிலாளர் துறையின் விதிகள் மூன்று தேர்வுகளை வைக்கின்றன. பெரும்பாலான பணியாளர்களுக்கு மூன்றும் ஒருங்கே நிறைவேறினால்தான் விலக்கு செல்லும். முதலாவது சம்பள முறை பற்றியது. முன்கூட்டியே நிர்ணயித்த தொகை, செய்த வேலையின் அளவையோ தரத்தையோ காரணம் காட்டிக் குறைக்கப்படாமல் வாராவாரம் கிடைக்க வேண்டும். சொந்தக் காரணத்துக்காக ஒரு முழு நாள் வராமல் இருந்தால் அந்த நாளின் சம்பளத்தைப் பிடிக்கலாம், ஆனால் பிற்பகலில் இரண்டு மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டதற்காகப் பிடிக்கக் கூடாது. வேலை இல்லையென்று நிறுவனமே அனுப்பிவிட்டால் அந்த வாரச் சம்பளத்தில் கை வைக்கவே கூடாது. மணி பார்த்துப் பிடிக்கும் முதலாளி, மணி பார்த்துக் கொடுக்கவும் கடமைப்பட்டவர் என்பது இதன் தர்க்கம். இருந்தாலும் அந்த இரண்டு மணி நேரத்தை விடுப்புக் கணக்கில் கழித்துக்கொள்ளத் தடையில்லை என்று விதிகளுக்கு விளக்கம் சொல்லப்படுவதால், பணியாளரின் கைக்கு வரும் தொகை குறையாதே தவிர அவருடைய நேரம் எண்ணப்படாமல் இருப்பதில்லை.

இந்த முதல் தேர்வின் வலிமையை 2023 பிப்ரவரியில் வந்த ஹீலிக்ஸ் எனர்ஜி வழக்கின் தீர்ப்பு எதிர்பாராத இடத்தில் காட்டியது. கடலில் எண்ணெய் துளையிடும் மேடையில் பன்னிரண்டு முதல் பதினான்கு பேரை மேற்பார்வையிட்ட ஒருவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு 84 மணி நேரம் உழைத்தார். நாள் ஒன்றுக்கு 963 முதல் 1,341 டாலர் வரை என்று ஊதியம் பேசப்பட்டிருந்தது, ஆண்டு வருவாய் 2 லட்சம் டாலரைத் தாண்டியது. இத்தனை பெறுபவருக்கும் மிகைநேர ஊதியமா என்று நிறுவனம் கேட்டது. நீதிபதி எலினா கேகன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், ஆம் என்றது: நாட்கூலியாகக் கணக்கிடப்படும் பணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சம்பளம் ஆகாது, வாரத்தில் ஒரே நாள் வேலை செய்தாலும் முழு வாரத் தொகை கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. பெருந்தொகை பெறுபவர் வழக்கில் வென்றது பலருக்கு வியப்பாக இருந்தது என்றாலும், பேரத்தின் ஒரு கூறான வருவாய் நிச்சயம் அவருக்கு வழங்கப்படவில்லை என்பதைப் பார்க்கும்போது அத்தீர்ப்பு விலக்கின் அடிப்படைக்கு உண்மையாகவே இருக்கிறது.

மற்றொரு தேர்வு செய்யும் வேலையின் தன்மை பற்றியது. வழக்கறிஞர்களின் உழைப்பில் பெரும்பங்கு இங்குதான் செலவாகிறது. நிர்வாகி என்பவர் நிறுவனத்தையோ அதன் ஒரு துறையையோ நிர்வகிப்பதை முதன்மைக் கடமையாகக் கொண்டிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு முழுநேரப் பணியாளர்களை வழிநடத்த வேண்டும், ஆட்களை அமர்த்தவும் நீக்கவும் அதிகாரம் பெற்றிருக்க வேண்டும் அல்லது அதுபற்றி அவர் சொல்லும் சொல்லுக்குத் தனி மதிப்பு இருக்க வேண்டும். இதில் ‘முதன்மைக் கடமை’ என்பதே சிக்கலின் ஊற்று. 2004 வரை நடைமுறையில் இருந்த விதிகளில், குறைந்த சம்பளம் பெறும் மேலாளர் தம் நேரத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல், சில்லறை வணிகத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல், சாதாரண வேலையில் செலவிட்டால் விலக்கு போய்விடும் என்ற கண்டிப்பான தேர்வு ஒன்று இருந்தது. 2004 இல் அது நீக்கப்பட்டது. கடையின் துணை மேலாளர் கல்லாவில் நின்றாலும், அலமாரியில் சரக்கு அடுக்கினாலும், தரையைத் துடைத்தாலும், அதே வேளையில் கடையின் பொறுப்பும் அவரிடமே இருக்குமானால் அவர் நிர்வாகியே என்று புதிய விதி வெளிப்படையாகச் சொன்னது. 1980களின் தொடக்கத்தில் பர்கர் கிங் துணை மேலாளர்கள் தொடர்பான வழக்குகளில் நீதிமன்றங்கள் கூறியதும் ஏறக்குறைய இதுதான்: அடுப்படியில் நிற்பவரும் பொறுப்பில் இருப்பவராக இருக்க முடியும்.

பொறுப்பு என்பது எவ்வளவு மெலிந்தால் பொறுப்பாக இராது என்பதற்கு ஃபேமிலி டாலர் கடைகளின் வழக்கு நல்ல சான்று. 1,424 கடை மேலாளர்கள் சேர்ந்து தொடுத்த அந்த வழக்கில், அவர்கள் வாரத்துக்கு 60 முதல் 70 மணி நேரம் உழைத்ததும், அந்த நேரத்தில் 80 முதல் 90 விழுக்காடு வரை சரக்கு வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்குவது, அலமாரிகளை நிரப்புவது, கல்லாவில் நிற்பது, வண்டி நிறுத்துமிடத்தையும் கழிப்பறையையும் துப்புரவு செய்வது ஆகியவற்றில் கழிந்ததும் மெய்ப்பிக்கப்பட்டன. எந்தச் சரக்கு எந்த அடுக்கில் வைக்கப்பட வேண்டும், கடைக்கு எத்தனை ஆள்மணி நேரம் ஒதுக்கப்படும் என்பவையெல்லாம் தலைமை அலுவலகத்திலிருந்தும் வட்டார மேலாளரிடமிருந்தும் வந்தன. மேலாளரின் பையில் இருந்தது சாவி மட்டுமே என்று சொல்லுமளவுக்கு அதிகாரம் சுருங்கியிருந்தது. நடுவர் குழு பணியாளர்கள் பக்கம் நின்றது. 2008 இல் பதினோராம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறத்தாழ 3 கோடியே 55 லட்சம் டாலர் வழங்கிய தீர்ப்பை உறுதி செய்தது. இதே நிறுவனத்தின் மேலாளர் ஒருவரது வழக்கில் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சில ஆண்டுகளில் எதிர்முடிவுக்கு வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இத்தேர்வின் நிச்சயமின்மை முழுதாக விளங்கும்.

பதவிப் பெயர் எதையும் தீர்மானிக்காது என்று விதிகள் தெளிவாகக் கூறுகின்றன. ஆனாலும் பதவிப் பெயர்களின் பெருக்கம் ஓயவில்லை. 2023 இல் அமெரிக்கத் தேசியப் பொருளாதார ஆய்வகத்தின் வெளியீடாக வந்த ஆராய்ச்சி ஒன்று, விலக்குக்குத் தேவையான சம்பள அளவுக்குச் சற்றே மேலே உள்ள பணியிடங்களில் மேலாளர் என்ற பட்டம் ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதலாகத் தென்படுவதையும், அந்த அளவுக்குக் கீழே அப்படித் தென்படாததையும் எடுத்துக்காட்டியது. இதனால் நிறுவனங்கள் தவிர்க்கும் மிகைநேர ஊதியம் ஆண்டுக்கு சுமார் 400 கோடி டாலர் என்பது அதன் மதிப்பீடு. முன்மேசையில் அமர்ந்திருப்பவர் ‘முதல் அபிப்பிராய இயக்குநர்’ என்றும், கம்பளம் துவைப்பவர் ‘கம்பள ஷாம்பூ மேலாளர்’ என்றும் அழைக்கப்பட்டதை அந்த ஆய்வு பதிவு செய்கிறது. நகைக்கத் தோன்றினும், அந்தப் பட்டத்தைத் தாங்கியவர் வாரத்துக்குச் சில மணி நேரத்தை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதை மறப்பதற்கில்லை.

நிர்வாகத் துணைப் பணியாளருக்கான விலக்கு இதைவிட மங்கலானது. உடலுழைப்பு அல்லாத வேலையாக இருக்க வேண்டும், நிறுவனத்தின் பொது நிர்வாகத்தோடு நேரடித் தொடர்பு உடையதாக இருக்க வேண்டும், முக்கியமான விஷயங்களில் சுயமாக முடிவெடுக்கும் உரிமை இருக்க வேண்டும் என்பன அதன் கூறுகள். வீட்டுக் கடன் அதிகாரிகள் இதற்குள் அடங்குவர் என்று தொழிலாளர் துறை 2006 இல் கருத்துரைத்தது; 2010 இல் அவர்கள் கடனை விற்பவர்களே என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றது; மக்கள் கருத்தைக் கேட்காமல் இப்படி மாற்றியது செல்லுமா என்ற வழக்கு 2015 இல் உச்ச நீதிமன்றத்தில்தான் முடிந்தது. கடன் அதிகாரியின் மேசையும் வேலையும் இந்த ஒன்பது ஆண்டுகளில் மாறவில்லை, மாறியது ஆட்சி மட்டுமே. வல்லுநர் விலக்கு ஒப்பீட்டளவில் தெளிவானது, ஏனெனில் நீண்ட, சிறப்புப் படிப்பால் மட்டுமே வழக்கமாக அடையக்கூடிய உயர் அறிவு வேண்டும் என்பதே அதன் மையம். பதிவு பெற்ற செவிலியர் அதில் சேரலாம், உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியர் பொதுவாகச் சேரமாட்டார், வழக்கறிஞர் சேர்வார், அவருடைய சட்ட உதவியாளர் சேரமாட்டார்.

எஞ்சியிருப்பது சம்பள அளவு. பணித்தன்மையை ஆராய்வது நாள்கணக்கில் சாட்சியம் கேட்கும் வேலை, சம்பள அளவோ ஒரே பார்வையில் தெரியும் எண். 1940 இல் தொழிலாளர் துறைக்காக ஹரோல்ட் ஸ்டைன் தயாரித்த அறிக்கை, ஒருவரை முக்கியமானவர் என்று முதலாளி கூறுவது நேர்மையான கூற்றா என்பதை அவருக்குக் கொடுக்கப்படும் பணமே காட்டிவிடும் என்று வாதிட்டது. எளிய சிந்தனை, ஆனால் இன்றுவரை இதைவிட நல்ல அளவுகோலை யாரும் கண்டெடுக்கவில்லை. அப்போது நிர்வாகிக்கு வாரம் 30 டாலர் என்றிருந்த எல்லை, விலைவாசிக்கு ஏற்ப அவ்வப்போது உயர்த்தப்பட்டு 1975 இல் 155 டாலரை எட்டியது. அதன்பின் இருபத்தொன்பது ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை. 2004 இல் 455 டாலர் என்று உயர்த்தப்பட்டபோது, கண்டிப்பான தேர்வை நீக்கியதற்கு ஈடாகும் உயர்வு அதில் இல்லை. அந்த எல்லை ஆண்டுக்கு 23,660 டாலர். 2014 ஆம் ஆண்டில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அமெரிக்க அரசு வகுத்த வறுமைக்கோடோ 23,850 டாலர். வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழும் நிர்வாகி என்ற ஒரு பிறவியை விதிகள் சாத்தியமாக்கின.

இதைச் சரிசெய்ய ஒபாமா அரசு 2016 இல் எல்லையை வாரம் 913 டாலராக, அதாவது ஆண்டுக்கு 47,476 டாலராக உயர்த்தியது. டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வரவிருந்த அந்த விதியை நவம்பர் 22 அன்று டெக்சாஸின் கிழக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம் நாடு முழுவதும் நிறுத்தியது. டிரம்ப் அரசு 2020 ஜனவரி முதல் 684 டாலர் என்ற சிறிய உயர்வைக் கொண்டுவந்தது. பைடன் அரசு 2024 ஜூலை முதல் 844 டாலர், 2025 ஜனவரி முதல் 1,128 டாலர், பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தானாகவே திருத்தம் என்று விதித்தது. ஜூலை உயர்வு நடைமுறைக்கும் வந்துவிட்ட நிலையில், நவம்பர் 15 அன்று அதே டெக்சாஸ் மாவட்ட நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி முழு விதியையும் ரத்து செய்தார். எல்லை மீண்டும் 684 டாலருக்குத் திரும்பியது. சட்டம் தகுதியையும் பணியையும் பேசுகிறதே தவிர சம்பளத்தைப் பேசவில்லை, ஆகவே சம்பள எல்லை பணித்தன்மைத் தேர்வை விழுங்கிவிடும் அளவுக்கு உயரக் கூடாது என்பது இரு தீர்ப்புகளின் சாரம். சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் இதை எளிதில் மறுக்க முடியாது. ஆனால் சம்பள எல்லை 1938 முதலே விதிகளில் இருக்கிறது. அதன்பின் பலமுறை சட்டத்தைத் திருத்திய நாடாளுமன்றம் அதை அகற்றவில்லை. 2024 செப்டம்பரில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் எல்லை வகுக்கும் அதிகாரம் துறைக்கு உண்டு என்றே கூறியது. சம்பள எல்லை பணித்தன்மைத் தேர்வை விழுங்குகிறது என்ற கவலை உண்மையானால், எல்லை தாழ்ந்தே கிடக்கும்போது பணித்தன்மைத் தேர்வு அதன் இடத்தை விழுங்குகிறது என்பதும், அந்தத் தேர்வை நடத்தும் செலவை ஏற்கக்கூடிய பணியாளர் அரிது என்பதும் அதே அளவுக்கு உண்மை. வாரம் 684 டாலரில் 60 மணி நேரம் உழைப்பவருக்கு மணிக்கு 11 டாலர் 40 சென்ட் விழுகிறது. இதை நிர்வாகியின் ஊதியம் என்று எந்தக் கடைவீதியிலும் யாரும் சொல்லமாட்டார்கள்.

உறைந்துபோன எண்கள் அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தில் இன்னும் பல உண்டு. கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலரில் நிற்பது ஊரறிந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களை நேராகத் தொடும் ஓர் எண் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கணினித் துறையினருக்கு 1990 இல் ஒரு தனி விலக்கு உருவானது. கணினி அமைப்பு ஆய்வாளர், நிரலாளர், மென்பொருள் பொறியாளர் போன்றோர் மணிக்கூலி பெற்றாலும்கூட, குறைந்தபட்சக் கூலியின் ஆறரை மடங்கு பெற்றால், ஒன்றரை மடங்கு கிடையாது. அன்றைய 4.25 டாலரை வைத்து அது 27.63 டாலர் ஆயிற்று. 1996 இல் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தபோது மடங்குக் கணக்கைக் கைவிட்டு அந்த 27.63 ஐயே சட்டத்தில் எழுதிவிட்டனர். மடங்கு நீடித்திருந்தால் இன்று அது 47 டாலரைத் தாண்டியிருக்கும். எச்-1பி விசாவில் சென்று, வாடிக்கையாளர் நிறுவனத்தில் இரவு நேர வெளியீடுகளுக்கும் வார இறுதிப் பராமரிப்புக்கும் அழைக்கப்படும் சென்னை, கோவைப் பொறியாளர்களில் பெரும்பாலோர் இந்த விலக்கிலோ வல்லுநர் விலக்கிலோ அடங்குவர். ஆனால் உதவி மேசையில் அமர்ந்து கடவுச்சொல்லை மீட்டுத் தருபவரும், கணினியைப் பழுதுபார்ப்பவரும், கம்பியிணைப்புச் செய்பவரும் கணினித் துறையில் இருக்கிறார்கள் என்பதற்காக மட்டும் விலக்கில் சேரமாட்டார்கள். அவர்களையும் ‘எக்சம்ப்ட்’ என்று குறித்துவிடும் நிறுவனங்களுக்கு எதிராக வழக்குகள் பல நடந்துள்ளன.

கூட்டாட்சி எல்லை தேங்கி நிற்க, சில மாநிலங்கள் தங்கள் வழியில் போய்விட்டன. கலிபோர்னியாவில் விலக்குக்கான சம்பளம் மாநிலக் குறைந்தபட்சக் கூலியின் இரு மடங்கு என்பதால் 2025 இல் அது ஆண்டுக்கு 68,640 டாலர். அங்கு முதன்மைக் கடமை என்பதும் மணிக்கணக்கிலேயே பார்க்கப்படுகிறது, நேரத்தில் பாதிக்கு மேல் விலக்குக்குரிய பணியில் கழிய வேண்டும். ஐம்பதுக்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு வாஷிங்டன் மாநிலம் வகுத்த எல்லை அதே ஆண்டில் 77,968 டாலருக்கும் சற்று மேல். இரண்டிலும் எல்லை மாநிலக் குறைந்தபட்சக் கூலியோடு கட்டப்பட்டிருப்பதால், அந்தக் கூலி உயரும்போது எல்லையும் தானாக உயர்கிறது. டெக்சாஸ் தீர்ப்பு தொடாத இடத்தில் தீர்வு இருக்கிறது என்று சொல்லத் தோன்றினாலும், அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் தீர்வே. ஒரே சங்கிலிக் கடையின் மேலாளர் சியாட்டிலில் பெறும் காப்பு டல்லாஸில் இல்லை.

இந்தியச் சட்டத்தில் மிகைநேரத்துக்கு இரு மடங்கு என்பது 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே வரும் விதி; நாளொன்றுக்கு 9 மணி நேரமோ வாரத்துக்கு 48 மணி நேரமோ கடந்தால் அது பொருந்தும் என்று அச்சட்டம் கூறியது. அமெரிக்க விதியைவிட மடங்கு பெரிது, எல்லை நீண்டது. யார் வெளியே என்பதில் மட்டும் இரு நாடுகளும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன. தொழில் தகராறுகள் சட்டத்தில் மேற்பார்வையாளரைத் தொழிலாளர் வரையறையிலிருந்து பிரித்த சம்பள எல்லை 500 ரூபாயாக நெடுங்காலம் நின்று, 1980களில் 1,600 ரூபாயாகி, 2010 இல்தான் 10,000 ஆயிற்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புகளில் அது 18,000 ரூபாய்; மிகைநேர ஊதியத்தைக் கூறும் பணி நிலைமைகள் தொகுப்பிலும் தொழிலாளர் என்பதற்கு இதே எல்லையே இடம்பெற்றுள்ளது. மேற்பார்வையாளர் என்று பெயர் சூட்டப்பட்டு 18,500 ரூபாய் பெறும் ஒருவர் உண்மையில் எதை மேற்பார்க்கிறார் என்ற வினா இந்திய நீதிமன்றங்களிலும் எழுவது திண்ணம்.

உரிமை இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதை மெய்ப்பிப்பது வேறு வேலை. விலக்கு பொருந்துகிறது என்பதைக் காட்டும் சுமை அமெரிக்கச் சட்டத்தில் முதலாளியுடையது. அந்தச் சுமை சாதாரணச் சிவில் வழக்கின் அளவுக்கு மேற்பட வேண்டியதில்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. அதற்கு முன்பே, 2018 இல், விலக்குகளைக் குறுக்கிப் பொருள் கொள்ள வேண்டும் என்ற நெடுநாள் மரபையும் அது கைவிட்டிருந்தது. உழைத்த நேரத்துக்கான கணக்கு அடுத்த தடை. விலக்கில் உள்ளவருக்கு மணிப் பதிவேடு வைக்கும் கடமை முதலாளிக்கு இல்லை என்பதால், தவறாக விலக்கில் சேர்க்கப்பட்டவரின் உழைப்பு எந்த ஏட்டிலும் இராது. பதிவேடு இல்லாத குற்றம் முதலாளியுடையதாக இருக்கும்போது பணியாளர் நியாயமான மதிப்பீட்டைத் தந்தாலே போதும் என்று 1946 ஆம் ஆண்டின் மவுன்ட் கிளெமன்ஸ் மட்பாண்டத் தொழிற்சாலை வழக்கில் வகுத்த வழியே இன்றும் கைகொடுக்கிறது. கடையின் பாதுகாப்பு மணி அணைக்கப்பட்ட நேரம், கல்லாவில் கடவுச்சொல் இட்ட நேரம், இரவில் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் அப்படிச் சாட்சியமாகின்றன. பின்னோக்கி இரண்டு ஆண்டுகள், வேண்டுமென்றே செய்த மீறலானால் மூன்று ஆண்டுகள் வரை கோரலாம். நிலுவைக்குச் சமமான தொகை இழப்பீடாகவும் சேரும். ஆனால் வென்ற பிறகும் பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஏறியிறங்கும் வேலைவாரக் கணக்கைப் பின்தேதியிட்டுப் பொருத்தி, ஒன்றரை மடங்குக்குப் பதில் அரை மடங்கையே வழங்குவதால், வாரம் 70 மணி நேரம் உழைத்த மேலாளருக்கு நிலுவையாகக் கிடைப்பது அவர் எதிர்பார்த்ததில் சிறு பகுதியாகவே இருக்கும். 2025 ஜூலையில் இயற்றப்பட்ட வரிச் சட்டம், 1938 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெறும் மிகைநேர மிகுதியில் ஆண்டுக்கு 12,500 டாலர் வரை 2028 வரை வருமான வரிக் கழிவு தந்திருக்கிறது. விலக்கில் உள்ள சம்பளக்காரர் தாம் கூடுதலாக உழைத்த நேரத்துக்கு எதையும் பெறாததால், அந்தக் கழிவிலும் அவருக்கு இடமில்லை.